ஏ மூணு, சி நாலு

எங்கள் கடை மேசையில் நீள நோட்டு ஒன்று எப்போதும் விரித்தபடியே கிடக்கும். மேசைக்காலில் சணல் கயிறு கட்டி, அதன் நுனியில் ஒரு பால்பாயின்ட் பேனாவை முடிந்து வைத்திருந்தேன். சமயநல்லூரில் இரவல் போன பேனா திரும்பி வந்ததாகச் சரித்திரம் கிடையாது. பேனாவைக் காப்பாற்ற அவ்வளவு யோசித்தவன், பக்கத்தில் கிடந்த நோட்டைப் பற்றி ஒரு நாளும் யோசிக்கவில்லை.

பிரவுசிங் சென்டர் அது. ரயில்வே ஸ்டேஷனுக்குத் திரும்புகிற சாலையில் பத்துக்குப் பதினாறு அடி அறை, ஆறு கம்ப்யூட்டர், மணிக்கு இருபது ரூபாய். ஊரிலேயே எண்ணெயில் எஞ்சின் ஓட்டி மின்சாரம் எடுக்கும் 106 மெகாவாட் நிலையம் இருந்தது. 2012-இல் அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டுதான் கரன்ட் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். பகல் முழுக்க ஈ ஓட்டிவிட்டு ராத்திரி பத்து மணிக்குக் கடை திறந்த நாட்கள் உண்டு.

அந்த நோட்டு நான் விரும்பி வைத்ததல்ல. 2011 ஏப்ரலில் சைபர் கஃபேக்களுக்கென்று மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. வருகிறவர் அடையாள அட்டை காட்ட வேண்டும். பெயர், முகவரி, போன் நம்பர், எந்த மெஷின், வந்த நேரம், போன நேரம் எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். பதிவேட்டைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும். யார் எந்தத் தளம் பார்த்தார் என்ற கணக்கும் ஓராண்டு இருக்க வேண்டும். தடுப்புப் பலகை நாலரை அடி உயரத்தைத் தாண்டக் கூடாது. எங்கள் கடையில் இருந்தவை ஐந்தடிப் பலகைகள். ஆசாரியைக் கூட்டிவந்து அரையடி அறுத்தேன். அன்றைக்குக் கூலி நானூறு ரூபாய். அறுத்த ப்ளைவுட் துண்டுகள் மோட்டார் கொட்டகையில் வெகுநாள் கிடந்தன.

விதி பதிவேடு வைக்கச் சொன்னது. அதை மேசைமேல் திறந்துபோடச் சொல்லவில்லை. அதை நானாகச் செய்தேன். ஒவ்வொருவரையும் கேட்டு எழுதச் சோம்பல். "நீங்களே எழுதிருங்கண்ணே" என்று நோட்டைத் தள்ளிவிடுவேன். அவர்கள் எழுதும்போது மேலே முப்பது பேருடைய பெயரும் நம்பரும் இருக்கும்.

2014 மே மாதம் ப்ளஸ் டூ ரிசல்ட். பிரவுசிங் சென்டர்காரனுக்கு அந்த ஒரு நாள்தான் தீபாவளி. பதிவு எண்ணை அடித்துவிட்டு வட்டம் சுற்றுவதையே பார்த்துக்கொண்டு, பிள்ளைகள் அறைக்குள்ளும் பெற்றவர்கள் படியிலுமாக நிற்பார்கள். அன்றைக்குத் தன் அம்மாவோடு வந்த ஒரு பெண் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். நோட்டில் அம்மாவின் போன் நம்பரை அவள்தான் எழுதினாள். எல்லோருக்கும் ஆளுக்கொரு மிட்டாய் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஒரு வாரம் கழித்து அவள் அப்பா மட்டும் வந்தார். கடையில் ஆள் இருந்ததால் வெளியே நின்றார். ஆள் போனபின் உள்ளே வந்து, சத்தத்தைக் குறைத்துச் சொன்னார்.

"தம்பி, ராத்திரில மிஸ்டு காலா வருது. எடுத்தா பேர் சொல்லிக் கேக்கிறானுக. புள்ள பேரச் சொல்லி."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சிம்மு வாங்கிப் பதினஞ்சு நாள்தான் ஆகுது தம்பி. அந்த நம்பர வேற எங்கிட்டும் எழுதல. உங்க நோட்டுல மட்டும்தான்."

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். அவர் திட்டவில்லை. கோபத்தைவிடக் கெஞ்சல்தான் அதில் அதிகம் இருந்தது. நோட்டை எடுத்து அந்த வரியைப் பேனாவால் அடி அடியென்று அடித்தேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் சிம்மை மாற்றிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். கவுன்சிலிங் விவரம் பார்க்க அவர் இரண்டு தடவை கடைக்கு வந்தார். அந்தப் பெண்ணை அவர் அதன்பிறகு கூட்டிவரவில்லை.

இதற்குப் பரிகாரமாக நான் செய்தது என்னவென்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. நோட்டை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுதேன். தெரிந்த வேலை அதுதானே.

அந்த ஆண்டு ஏப்ரல் 8-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை நிறுத்தியிருந்தது. ஒன்பது நாள் கழித்து, ஏப்ரல் 17-இல், உபுண்டு 14.04 வெளியானது. அந்தப் பதிப்புக்கு 'ட்ரஸ்டி தஹ்ர்' என்று பெயர். நம்பகமான தஹ்ர். தஹ்ர் இமயமலைக் காட்டாடு, நம் வரையாட்டுக்குத் தூரத்துச் சொந்தம். மாநில விலங்கின் பங்காளி என்ற உறவிலோ என்னவோ, கடைக் கம்ப்யூட்டர் ஆறிலும் அதையே ஏற்றினேன். அதில் 'விருந்தினர்' என்று ஒரு கணக்கு வரும். வெளியேறியதும் அவர் பார்த்தது, அடித்தது எல்லாம் அழிந்துவிடும். முதல் எழுத்தை அடித்ததும் முந்தைய ஆள் தேடியது எட்டிப்பார்க்கிற தொல்லை அதோடு ஒழிந்தது. தளக் கணக்கு மட்டும் விதிப்படி சர்வரில் என் பொறுப்பில் இருந்தது.

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு, இணையத்தில் ஆளை மறைத்து உலவவிடும் டார் என்ற மென்பொருளைப் போடுவது என்று முடிவு செய்தேன். அதற்கு முந்தைய ஆண்டு ஜூனில், அமெரிக்க அரசின் உளவை அம்பலப்படுத்திய எட்வர்ட் ஸ்னோடன் விவகாரம் வெடித்தது. பத்திரிகையில் வந்த படத்தில் அவர் மடிக்கணினியின் முதுகில் வெங்காயப் படம் போட்ட டார் ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. 'ஆனியன் ரவுட்டிங்', அதாவது வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக மறைத்து அனுப்புவது. 1990-களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக் கூடத்தில் பிறந்த யோசனை. பால் சைவர்சன் அங்கே வேலை பார்த்தவர். ரோஜர் டிங்கிள்டைனும் நிக் மேத்யூசனும் பின்னால் சேர்ந்து அதை மென்பொருளாக வளர்த்தார்கள். பிறகு அது பொதுவுக்கு வந்தது. உளவு பார்க்கிறவர்களின் வீட்டில் பிறந்த பிள்ளை, உளவுக்கு எதிராகப் போய் நின்றது. பெரியார் இருந்திருந்தால் 'வெங்காயம்' என்ற சொல்லை வைவதற்குப் பயன்படுத்துமுன் கொஞ்சம் யோசித்திருப்பார்.

அப்பாவுக்கு இதை விளக்க வேண்டி வந்தது. அவர் வாடிப்பட்டிப் பக்கம் முப்பது வருஷம் பத்திரம் எழுதியவர். ஓய்வுக்குப் பிறகு ராத்திரியில் தூக்கம் வராமல் என் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார்.

"நான் ஒரு தளத்தைப் பாக்கணும்னு கேக்கிறதை இது மூணு கம்ப்யூட்டர் வழியா அனுப்பும்பா. முதல் ஆளுக்கு நான் யார்னு தெரியும், எங்க போறேன்னு தெரியாது. கடைசி ஆளுக்கு எங்க போறேன்னு தெரியும், நான் யார்னு தெரியாது. நடுவுல உள்ளவனுக்கு ரெண்டும் தெரியாது."

"சரிதான். மூணு பினாமி," என்றார்.

இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் இன்றுவரை படிக்கவில்லை.

உபுண்டுவின் பொதுக் களஞ்சியத்திலேயே டார் கிடைக்கும். ஆனால் அங்கே இருப்பது பழையதாக இருக்கலாம், அதை எடுக்காதீர்கள், எங்கள் களஞ்சியத்திலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள் என்று டார்காரர்கள் எழுதியிருந்தார்கள். ரெபாசிட்டரி என்று சொல்வதைத் தமிழில் களஞ்சியம் என்று எழுதுவதைக் 'கணியம்' மின்னிதழில் படித்துப் பழகியிருந்தேன். 2012 ஜனவரியிலிருந்து கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதிவந்த இதழ் அது. வேலை சுலபம்தான். எந்தெந்தக் களஞ்சியத்திலிருந்து சாமான் எடுக்கலாம் என்று கம்ப்யூட்டர் ஒரு பட்டியல் வைத்திருக்கும். அதில் டார் களஞ்சியத்தின் முகவரியை ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். பட்டியலைப் புதுப்பிக்கச் சொல்ல வேண்டும். பிறகு பெயரைச் சொல்லி 'இறக்கு' என்றால் இறங்கும்.

புதுப்பிக்கச் சொன்னேன். பொதுச்சாவி இல்லை, கையெழுத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்று முறைத்தது. மீறி இறக்கச் சொன்னால், 'சரிபார்க்காமலே நிறுவவா?' என்று ஒரு கேள்வி. ஆமாம் என்பதற்குச் சின்ன எழுத்தில் ஒய், வேண்டாம் என்பதற்குப் பெரிய எழுத்தில் என். சும்மா என்டரைத் தட்டினால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்ளும். அதற்கு முன்னால் வேறு சாமான்களுக்கு அந்தச் சின்ன ஒய்யை எத்தனையோ தடவை தட்டியிருக்கிறேன். அன்றைக்கும் விரல் போய்விட்டது.

"என்னமோ கேக்குதே, படிச்சியா?" என்றார் அப்பா.

படித்துச் சொன்னேன்.

"கையெழுத்து சரியான்னு பாக்காம கிரயம் பண்ணுவியா?"

விரலை எடுத்துவிட்டேன். அப்புறம் அந்தக் கையெழுத்து எப்படி வேலை செய்கிறது என்று அவருக்குச் சொல்லச் சொல்லத்தான் எனக்கே புரிந்தது. களஞ்சியத்தில் ஒவ்வொரு பொதிக்கும் ஒரு எண்கோவை கணக்கிட்டு வைத்திருப்பார்கள். பொதியில் ஒரு புள்ளி மாறினாலும் கோவை மாறிவிடும். அந்தக் கோவைகளெல்லாம் ஒரு பட்டியலில் இருக்கும். அந்தப் பட்டியலின் கோவை இன்னொரு கோப்பில் இருக்கும். அந்தக் கடைசிக் கோப்பின்மேல்தான் டார்காரர்களின் கையெழுத்து.

"தாய்ப்பத்திரம் வரைக்கும் போய்ப் பாக்கிற மாதிரி" என்று தலையாட்டினார்.

கையெழுத்தைச் சரிபார்க்கச் சாவி வேண்டும். சாவி சர்வரிலிருந்து எட்டு எழுத்து எண்ணைக் கொடுத்து இறக்கினேன். உடனே இன்னொரு தகராறு. சாவி எதிர்காலத்தில் உருவாக்கப்பட்டிருக்கிறதாம், காலப்பிறழ்வோ கடிகாரக் கோளாறோ என்று ஒரு செய்தி. விஞ்ஞானக் கதைக்குள் விழுந்துவிட்டோமா என்று விழித்தேன். பார்த்தால், மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி செத்துப்போயிருந்தது. கரன்ட் போய் வரும்போதெல்லாம் கம்ப்யூட்டர் 2005 ஜனவரி ஒன்றாம் தேதிக்குப் போய்விடுகிறது. சாவியோ 2009-இல் உருவானது. பிறக்காத சாவியை எப்படி நம்புவது? மறுநாள் மதுரைக்குப் போனபோது பேட்டரி வாங்கிவந்து மாட்டினேன். தேதி தப்பினால் பத்திரம் செல்லாது என்று அதற்கும் அப்பாவிடம் ஒரு வாக்கியம் இருந்தது. முப்பது வருஷத் தொழில் அப்படி.

இனிமேல்தான் நான் மறக்காத இடம். ஒவ்வொரு சாவிக்கும் ஒரு கைரேகை உண்டு. நாற்பது எழுத்து, நான்கு நான்காகப் பத்துக் கூட்டம். இறக்கிய சாவியின் ரேகையும் டார்காரர்கள் வெளியிட்ட ரேகையும் ஒன்றா என்று கண்ணால் பார்க்க வேண்டும். கடைசி எட்டு எழுத்தைப் பார்த்துவிட்டு "சரிப்பா, ஒண்ணுதான்" என்றேன்.

"ஒப்புப் பாக்கிறது அப்படி இல்லடா. ஊருக்குள்ள ஒரே இனிஷியல்ல, ஒரே பேர்ல ரெண்டு பேர் இருப்பான். அப்பன் பேரும் ஒண்ணா இருக்கும். அதுக்குத்தான இடது பெருவிரல் ரேகை வாங்கிறது. முழுசாப் படி."

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று பின்னால் தெரிந்தது. கடைசி எட்டு எழுத்து ஒன்றுபோல இருக்கும்படி போலிச் சாவியைச் சில நொடிகளில் செய்துவிடலாம் என்று அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் நடந்த டெஃப்கான் மாநாட்டில் இருவர் காட்டினார்கள். வாடிப்பட்டிப் பத்திர எழுத்தருக்கு இது ஆடி மாதமே தெரிந்திருந்தது.

ஆக ஒப்புப் பார்த்தோம். ஒருவர் மூலத்தைப் படிக்க, மற்றவர் நகலில் விரல் வைத்துத் தொடர்வார். தொடர்பவர் ஒவ்வொன்றுக்கும் 'ம்' கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் படிப்பவர் நகர மாட்டார். நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததை அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"ஏ மூணு, சி நாலு."

"ம்."

"எஃப் சைபர், எஃப் ஒம்பது."

"ம்."

"ஏழு ஒம்பது, சி ஏ. இது சென்னைக்கு சி-யா?"

"சென்னைக்கு சி."

பாம்பேக்கு பி, டெல்லிக்கு டி, இங்கிலாந்துக்கு இ என்று ஊர் ஊராகப் போய், எட்டு எட்டு ஆறு டி, டி டி எட்டு ஒம்பதில் வந்து நின்றோம். நாற்பதும் பொருந்தின. எனக்கு ஒரே சந்தோஷம். அவர் தாளை மடித்தார். மடித்த தாளைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"இந்த ரேகை அவங்களுதுதான்னு உனக்கு யாரு சொன்னா?"

"அவங்க தளத்துலயே போட்டிருக்காங்கப்பா."

"சாவி குடுத்தவனும் அவன், ரேகை குடுத்தவனும் அவனா? விக்கிறவனே சாட்சிக் கையெழுத்தும் போடலாமா?"

பதில் இல்லை. உண்மையில் இது இந்தத் துறையின் ஆதாரமான சிக்கல். யாராவது நடுவழியில் உட்கார்ந்து பொய்யான தளத்தையே எனக்குக் காட்டினால், பொய்யான சாவிக்குப் பொய்யான ரேகை அழகாகப் பொருந்தும். அதனால்தான் உலகம் முழுக்கக் கணினிக்காரர்கள் ஒன்றுகூடும்போது அடையாள அட்டையைக் காட்டி, ஒருவர் சாவியில் மற்றவர் கையெழுத்துப் போடும் வழக்கம் வைத்திருக்கிறார்கள். எனக்குச் சமயநல்லூரில் அப்படி யார் கிடைப்பார்? பெங்களூரில் வேலை பார்த்த கல்லூரி நண்பனை எழுப்பினேன். மணி பதினொன்றரை. அவன் கம்ப்யூட்டரில் இரண்டு வருஷமாக அதே சாவி இருந்தது. திட்டிக்கொண்டே நாற்பதையும் அவன் படிக்க, ஸ்பீக்கரில் போட்டு, இந்தத் தடவை அப்பா 'ம்' கொட்டினார். அவனுக்கு யார் சொன்னார்கள் என்று அவர் அடுத்துக் கேட்பதற்குள் கரன்ட் போய்விட்டது. மின்வாரியத்துக்கு நான் நன்றி சொன்ன ஒரே தருணம்.

மறுநாள் டார் இறங்கியது. பதிவில் 'நூறு சதவீதம், முடிந்தது' என்ற வரி வந்ததும் பயர்ஃபாக்ஸைத் திறந்து, ஒரு வாரம் போல உலகத்தின் கண்ணுக்குத் தெரியாத மனிதனாக உலவினேன். பழைய கம்பெனி ஒன்றின் முதலாளி கூட்டாளி விவரம், சர்க்கரை நோய்க்கு மாத்திரை என்று தேடியதெல்லாம் சாதாரணம்தான், ஆனால் மிதப்பு இருந்ததே! எட்டாம் நாள் டார்காரர்கள் சோதனைக்கென்று வைத்திருக்கும் பக்கத்தைத் திறந்தேன். 'மன்னிக்கவும், நீங்கள் டார் பயன்படுத்தவில்லை' என்று போட்டு, கீழே என் இணைப்பின் எண்ணையும் எழுதியிருந்தது.

களஞ்சியத்திலிருந்து வந்தது எஞ்சின் மட்டும்தான். அது பின்னணியில் 9050 என்ற வாசலில் காத்துக்கொண்டிருக்கும். பிரவுசரிடம் அந்த வாசல் வழியாகப் போ என்று நாம் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னாலும் சாதாரணப் பயர்ஃபாக்ஸ் வேறு பல வழிகளில் நம்மைக் காட்டிக்கொடுக்கும். அதற்காகவே தைத்த டார் பிரவுசர் தனியாகக் கிடைக்கிறது. அதையும் கையெழுத்துப் பார்த்து இறக்கினேன். முதல் தடவை கூகுள் டச்சு மொழியில் வந்து நின்றது. என் மூன்றாம் பினாமி நெதர்லாந்தில் இருந்திருக்கிறான். வேகம் மாட்டுவண்டி. வங்கித் தளம் உள்ளேயே விடவில்லை. மின்னஞ்சல், இது நீங்கள்தானா என்று நாலு தடவை கேட்டது. ஒளிந்துகொண்டு நம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் என்ன ஒளிவு? அதைப் புரிந்துகொள்ளவே ஆறு மாதம் ஆனது.

இந்தக் கூத்தெல்லாம் நடந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் அப்பா கடைக்கு வந்தார். நான் டீ சொல்லப் போய்விட்டு வந்தபோது மேசையில் நின்று நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். மே மாதப் பக்கத்தில், கறுப்பாக அடித்த வரியில் விரல் நின்றது. அந்தக் கதை அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

"பதிவு ஆபீஸ்ல ரேகைப் புத்தகத்த ஜன்னல்ல வைக்க மாட்டான்டா," என்றார். டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றிரவே கயிற்றை அறுத்தேன். மறுநாளிலிருந்து நோட்டு என் டிராயருக்குள். வருகிறவரிடம் கேட்டு நானே எழுதினேன். "என்ன தம்பி, போலீஸ் மாதிரி கேக்குறீக" என்று சிலர் சலித்துக்கொண்டார்கள். பேனா ஒரு வாரத்தில் காணாமல் போனது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. அதற்குப் பிறகு மணிக்கு இருபது ரூபாய் கொடுக்க யாருக்கும் பைத்தியமில்லை. ஜெராக்ஸை வைத்து ஒரு வருஷம் இழுத்துப் பார்த்தேன். 2017 ஆகஸ்ட் 24-இல், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். வழக்குப் போட்டவர் புட்டசாமி, ஓய்வுபெற்ற கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி. பேப்பரில் அந்தச் செய்தி வந்த மாதம்தான் கடையைக் காலி செய்தேன். அப்பா அதற்கு முந்தைய பங்குனியில் போய்விட்டார்.

டிராயரிலும் பரணிலுமாக ஏழு நோட்டு இருந்தன. ஓராண்டு வைத்தால் போதும். சோம்பலில் எல்லாம் சேர்ந்து கிடந்தது. பழைய பேப்பர்காரர் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டார்.

"ஏங்க, கிலோ பத்து ரூபா தர்றேங்கிறாரு, குடுத்துருவமா?" என்றாள் மனைவி.

கொடுத்தால் கடலை மடிக்கப் போகும். ஆறு வருஷத்துச் சமயநல்லூர், பரவை, தேனூர்ப் பெயர்களும் நம்பர்களும் கூம்பு கூம்பாக பஸ் ஸ்டாப்பில் நிற்கும். வேண்டாமென்று சொல்லிவிட்டு, கொல்லையில் வெந்நீர் அடுப்புக்கு எடுத்துப் போனேன். முழு நோட்டாகப் போட்டால் எரியவில்லை, ஓரம் கருகிப் புகைதான் வருகிறது. பக்கம் பக்கமாகக் கிழித்துப் போட வேண்டியிருந்தது. மூன்று நாள் காலை வெந்நீருக்கு அதுதான் விறகு.

நாலாவது நோட்டில் அந்த மே மாதத் தாள் வந்தது. முன்பக்கம் நான் அடித்த அடியில் ஒரு எழுத்தும் தெரியவில்லை. திருப்பினேன். அந்தப் பெண் ரிசல்ட் வந்த படபடப்பில் பேனாவை அழுத்தி எழுதியிருக்கிறாள். என் கிறுக்கல்களுக்கு நடுவில் பத்து இலக்கமும் பின்பக்கத்தில் மேடாகத் தெரிந்தன, இடவலம் மாறி. விரலால் தடவினாலே படிக்கலாம். அதை நாலாகக் கிழித்து, தனித்தனியாகப் போட்டேன்.